காந்தத்தில் ஒட்டிய பாலம்

தண்ணீரூற்றுக்குத் திரும்பி ஒன்பது நாள்.
வருகிறவர்களுக்கெல்லாம் இவர்
ஒரு புடாபெஸ்ட் காட்டுகிறார்.
நான் தேத்தண்ணி கொண்டு வரும்போது
அது கைபேசியில்
கட்டைவிரல் தள்ளத் தள்ள நீண்டு போகிறது.

"பாராளுமன்றம் எண்டா இதுதான் பாராளுமன்றம்.
இரவில பாருங்கோ,
தாம்பாளத்தில வைச்ச மாதிரி."
விதானையார் தலையாட்டுகிறார்.
அந்தப் படத்தின் ஓரத்தில், மங்கலாய்,
இரண்டு சோடி மேசு, சேலை,
சேலைக்கு மேல் மருமகனின் குளிரங்கி,
கட்டி வைத்த பொதிபோல நிற்பது நான்.
எனக்கு அப்போது அவசரமாய்ச் சலம் முட்டியிருந்தது.
அந்த ஊரில் அதற்கும் சில்லறை வேண்டும்.
இவரிடம் இருந்ததெல்லாம் சுவிஸ் காசு.
வாசலில் இருந்த மனிசி
என் முகத்தைப் பார்த்தாள்,
தலையை அசைத்து உள்ளே விட்டாள்.
என் புடாபெஸ்ட்டில் முதலில் வருகிறவள் அவள்தான்.
அவளுக்குப் படமில்லை.

சூப்பின் சிவப்பைக் கண்டு
இவர் சொந்தக்காரரைக் கண்டவர்போல் சந்தோசப்பட்டார்.
உறைப்பே இல்லை. வெறும் நிறம்.
அதையும் நல்லது என்று
விதானையாரிடம் சொல்லுகிறார் இப்போது.

"எல்லாப் பாலத்தையும் சண்டையில உடைச்சவங்களாம்.
பிறகு இதை
அப்பிடியே கட்டிட்டாங்கள்."
அப்பிடியே என்ற சொல்லை
இவர் நுங்கு உறிஞ்சுவதுபோல் சொல்லுவார்.
வீட்டுத்திட்டத்தில் எங்கள் வீடு எழும்பியபோது
பழைய குசினி எந்தப் பக்கம் என்பதில்
இரண்டு நாள் சண்டை பிடித்தோம்.
அத்திவாரம் கிண்டிப் பார்த்தும் தீரவில்லை.
வடக்கில்தான் இருந்தது.
நான் இன்றைக்கும் விடமாட்டேன்.

ஆற்றங்கரைப் படம் வந்தால்
இவரின் விரல் கொஞ்சம் விரைந்து போகும்.
இரும்பில் வார்த்த சப்பாத்துகள்,
கரை நெடுக, ஆட்களில்லாமல்.
குதி உயர்ந்தது ஒன்று. வாய் பிளந்தது ஒன்று.
ஒரு சின்னப்பிள்ளையின் சோடி.
சப்பாத்தைக் கழற்றச் சொல்லிவிட்டுத்தான்
சுட்டு ஆற்றில் விழுத்தினார்களாம்.
மகள் வாசித்துச் சொன்னாள்.

"பாரப்பா, செய்து வைச்சிருக்கிறாங்கள்"
என்றார் இவர் அங்கே.
குரலில் எரிச்சலா பொறாமையா,
முப்பது வருசம் கூட இருந்தும் எனக்குப் பிடிபடவில்லை.
எனக்கு வந்தது கோபம். யார்மேல்?
ஒரு சப்பாத்துக்குள் யாரோ இனிப்பு வைத்திருந்தார்கள்.
இன்னொன்றுக்குள் ஒரு பொடியன்
தன் காலை நுழைத்துப் படமெடுத்தான்.
இவர் அவனை முறைத்தார்.
நான் முறைக்கவில்லை.
அளவாயிருந்ததா என்று கேட்க நினைத்தேன்.

வட்டுவாகலில் என் ஒற்றைச் செருப்பு
சேற்றோடு போனது. நீலவார் பாட்டா.
மற்றதையும் நானே கழற்றி எறிந்தேன்,
ஒற்றையோடு நடக்க ஏலாதென்று.
இவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு
முன்னால் போய்க்கொண்டிருந்தார்.
திரும்பிப் பார்க்கவில்லை.
பார்க்கிற நேரமும் இல்லை அது.
பிறகும் சொல்லவில்லை.
செருப்புத்தானே.

அந்த ஆற்றங்கரையில் சொல்லுவோமென்று
வாயெடுத்தேன்.
பஸ்காரன் கோர்ன் அடித்தான்.

"உங்களுக்குப் பிடிச்சுதோ அக்கா?"
கோப்பையை வைத்துவிட்டு விதானையார் கேட்கிறார்.
"பிடிச்சது. கால் வலிச்சது."
"இவவுக்கு எங்க போனாலும் கால்தான்"
என்று சிரிக்கிறார் இவர்.
விதானையாரும் சிரிக்கிறார்.
எனக்கும் கொஞ்சம் சிரிப்பு வருகிறது.

பிரிட்ஜ் கதவில்
மூன்று யூரோவுக்கு வாங்கிய பாலம்
தண்ணி மோட்டர் திருத்தின பில்லைப்
பிடித்துக்கொண்டிருக்கிறது.
காந்தம் அவ்வளவு காணாது.
கதவைச் சாத்தும் வேகத்தில் விழும்.
கண்டவர் எடுத்து ஒட்டுவோம்.
இவர் மட்டம் பார்த்து ஒட்டுவார்.
நான் கை போனபடி.